நான் சேர்த்துச் சொன்ன ஒரு வாக்கியம்

செப்டம்பர் 10, செவ்வாய்

கொலுப் பெட்டிகளை அட்டிக் பரணிலிருந்து இறக்கியாயிற்று. ஏணியில் நின்று என் வீட்டுக்காரர் சபரி முனகியதையெல்லாம் எழுதினால் தனி நோட்டு வேண்டும். பொள்ளாச்சியில் எங்கள் வீட்டில் கொலுவே கிடையாது. அமெரிக்காவில் இந்த பிளானோவுக்கு வந்து பதினான்கு வருஷத்தில் நான் கொலு மாமி ஆகிவிட்டேன். போன வருஷம் எழுபது பேர். இந்த வருஷம் ஒன்பது படி வைப்பதாக உத்தேசம்.

எதிர்வீட்டு அகிலனின் அம்மா மரகதம்மா ஜூலையில் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் வாக்கரைப் பிடித்து நிற்கிறார். "ஹோம் ஹெல்த்ல இருந்து அம்மாவை நடக்க வைக்க ஆள் வராங்கக்கா, செவ்வாய் வியாழன் காலைல. நீங்க அன்னிக்கு வீட்ல இருந்துதானே வேலை பாக்கறீங்க, ஒரு கண்ணு வச்சுக்கங்க" என்று அகிலன் சொல்லியிருந்தான். கண் வைக்க என்னை விட்டால் யார்? தெருவின் தமிழ் வாட்ஸாப் குழுவுக்கு நான்தானே அட்மின். முப்பத்தொரு குடும்பம்.

அதில் இன்று கோடிவீட்டு ஜெயபிரகாஷ் தன் டோர்பெல் கேமராவில் விழுந்த படம் ஒன்றைப் போட்டிருந்தார். கதவு நசுங்கிய பழைய கார், உள்ளே கறுப்பினப் பையன், கண் மூடியபடி. "யாருக்காவது இவனைத் தெரியுமா? இருபது நிமிஷமா இங்கயே இருக்கான்." யாருக்கும் தெரியவில்லை. "எல்லாரும் கவனமா இருங்க" என்று நான் போட்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

காலை. அதே கார், அதே பையன், இன்று அகிலன் வீட்டுக்கு நேர் முன்னால். வாய் மட்டும் அசைகிறது. யாரிடம் பேசுகிறான்? வயசான அம்மா தனியாக இருக்கும் வீடு. பத்து மணிக்கு எனக்கு மீட்டிங். போலீஸின் அவசரமில்லாத நம்பருக்குக் கூப்பிட்டேன். பத்தே நிமிஷத்தில் இரண்டு வண்டி. பரவாயில்லை, நம்மாலும் தெருவுக்கு ஒரு உபகாரம்.

மதியம். அகிலன் மனைவி பிரீத்தி போனில் அழுகிறாள். அந்தப் பையன்தான் ஹோம் ஹெல்த் ஆள்.

பெயர் கெலெச்சி. நைஜீரியா. இருபத்துநான்கு வயது. சீக்கிரமே வந்து காரில் உட்கார்ந்து ஜெபம் செய்துவிட்டுத்தான் உள்ளே போவானாம். நாற்பது நிமிஷம் நடைபாதை விளிம்பில் உட்கார வைத்துவிட்டார்கள். எல்லாரும் பார்க்க.

ஹோம் ஹெல்த் என்று அகிலன் சொன்னதும் என் மனது ஒரு மலையாளிச் சேச்சியை வரைந்துகொண்டது. பூப்போட்ட நர்ஸ் உடுப்பு, குட்டையாகப் பின்னிய முடி, எல்லாம். அவன் சொன்னது "ஆள்" என்றுதான். சேச்சி என்று சொன்னது யார்?

"யாரு பண்ணிருப்பாங்கக்கா?" என்றாள் பிரீத்தி.

"தெரியலையேம்மா" என்றேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

மகள் கயல் என்னுடன் பேசவில்லை. நேற்று அவள் பல் டாக்டரிடம் போவதற்காக ஸ்கூலுக்குப் போகாமல் மாடியில்தான் இருந்தாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். வேறு எவரும் படிக்காத நோட்டில்கூட வியாழக்கிழமை அதை எழுதாமல் விட்டிருக்கிறேன் பார்.

இன்று காரில் கயல் கேட்டாள். தமிழ் புரியும், வாயிலிருந்து வருவது இங்கிலீஷ்தான். "அம்மா, யூ ஸெட் ஹி வாஸ் லுக்கிங் இன்டு விண்டோஸ். வாஸ் ஹி?"

இல்லை.

அன்று போலீஸ் நம்பரில் போனை எடுத்த பெண் கேட்டாள்: அவர் என்ன செய்கிறார்? காரில் உட்கார்ந்திருக்கிறார் என்றேன். வேறு ஏதாவது? அதற்குப் பிறகு ஒரு அமைதி. அந்த அமைதியில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உட்கார்ந்திருப்பதற்கெல்லாம் போலீஸா என்று நினைப்பாளே என்று. உடனே ஒரு வாக்கியம் சேர்த்தேன். "காரை விட்டு இறங்கி வீடுகளின் ஜன்னல்களுக்குள் எட்டிப் பார்த்தார்." சரளமாக வந்தது. பதினான்கு வருஷமாக மீட்டிங்கில் தடுமாறுகிறவளுக்கு அன்றைக்கு என்ன இங்கிலீஷ்!

யாரோ ஒருத்தி என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. அவ்வளவுதான் காரணம். சீ.

பல் வலி எப்படி இருக்கிறது என்று கயலிடம் கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 19, வியாழன்

ரசமும் பீன்ஸ் பொரியலும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது சமைக்கிறது.

ஹோம் ஹெல்த் ஏஜென்சி கெலெச்சியை எல்லா வீடுகளிலிருந்தும் நிறுத்திவிட்டதாம். "வீடுகளுக்குள் எட்டிப் பார்த்ததாகப் புகார்" என்று ஃபைலில் ஏறியிருக்கிறது. புதிதாக ஒரு பெண் வந்தாள். மரகதம்மா எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

"அந்தத் தம்பி வரட்டுங்க, அப்புறம் நடக்கறனுங்க. இந்தப் புள்ள என்னைய மூட்டையாட்டத் தூக்குதுங்க" என்றார் என்னிடம். அந்தத் தம்பிக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எப்படித்தான் பேசிக்கொண்டார்களோ. ஒருநாள் இவர் கருவாடு வறுக்கச் சொல்ல, பிரீத்தி வாடைக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் திறக்க, அவன் சமையலறைக்கு வந்து மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்தானாம். அவர்கள் ஊரிலும் காய்ந்த மீன் உண்டாம். தட்டு நீட்டிக் கேட்டு வாங்கித் தின்றானாம்.

பிரீத்தி இன்னொன்றும் சொன்னாள். அவன் நர்ஸிங் ஸ்கூலுக்கு மூன்றாவது தடவையாக அப்ளை பண்ணுகிறான். ஏஜென்சி நன்னடத்தைக் கடிதம் கொடுக்க வேண்டும். கடைசி நாள் நவம்பர் ஒன்று. இந்தப் புகார் ஃபைலில் இருக்கும்வரை கொடுக்க மாட்டார்கள்.

"எல்லாம் அந்த ஜெயபிரகாஷ் அங்கிள் வேலைதான்கா. போட்டோ போட்டவருதானே கூப்பிட்டிருப்பாரு."

நான் "ஓ" என்றேன். அந்த "ஓ" இருக்கிறதே, அது இன்னொரு பொய்.

செப்டம்பர் 20, வெள்ளி

அகிலன் வந்தான். "உங்க இங்கிலீஷ் நல்லாருக்கும்கா. தெரு சார்பா ஏஜென்சிக்கு ஒரு லெட்டர் போட்டுக் குடுங்களேன், நல்ல பையன்னு."

போட்டுக் கொடுத்தேன். ஒரு பக்கம். கண்ணியமான இளைஞர், எங்கள் தெருவுக்கே வருத்தம், இத்யாதி. கையெழுத்து: சாரதா சபரிநாதன். இந்தக் கேவலத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

செப்டம்பர் 22, ஞாயிறு

மாத்திரை டப்பா கொடுக்க எதிர்வீட்டுக்குப் போனவள் மாட்டிக்கொண்டேன். கெலெச்சி சர்ச் முடித்து மரகதம்மாவைப் பார்க்க வந்திருந்தான். சம்பளம் இல்லாமல், சும்மா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். லெட்டர் போட்ட ஆன்டி நீங்கள்தானா என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "இந்தத் தெருவுல எனக்காகப் பேசினது நீங்க ஒருத்தர்தான். கடவுள் உங்களுக்குத் திருப்பிச் செய்வார்." அவன் இங்கிலீஷில் சொன்னது இது. கையை எப்படி உருவிக்கொண்டேன் என்று நினைவில்லை.

பிரீத்தி கேட்கக் கேட்க அவன் கதையைச் சொன்னான். பதினேழு வயதில் எனுகுவிலிருந்து அம்மாவோடும் அக்காவோடும் வந்தவன். அம்மா நர்ஸ். இவன் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்து, பிடிக்காமல் விட்டு, கிடங்கில் பெட்டி தூக்கி, பகலெல்லாம் தூங்கி, தான் எதற்கு இருக்கிறோம் என்று தெரியாமல் இரண்டு வருஷம். அப்புறம் அம்மாவுக்குப் புற்றுநோய். பதினோரு மாதம் இவன்தான் குளிப்பாட்டினான், புரட்டிப் போட்டான். "ஒருநாள் அம்மா திட்டினாங்க. டேய், என் முதுகு நல்லாருக்கு, நீ வேற யாரையாவது போய்ப் பாருன்னு." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அம்மா போன பிறகு ஆறு மாதம் சாமியோடு பேச்சுவார்த்தை கிடையாதாம். "அப்புறம் நான்தான் விட்டுக்கொடுத்தேன். அவருக்குப் பிடிவாதம் ஜாஸ்தி." ஒவ்வொரு வீட்டுக்குள் போகும் முன்பும், இந்த வீட்டில் என் கை யாருக்கும் வலிக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்வானாம். காரில் கண்ணை மூடி. அதுதான் அது.

அந்த வாய் அசைவைப் பார்த்துத்தான் நான் போனை எடுத்தேன்.

நான் சமையலறைக்குள் போய் கழுவ வேண்டாத பாத்திரங்களையும் கழுவினேன்.

செப்டம்பர் 25, புதன்

ஏஜென்சியிலிருந்து பதில். நல்ல கடிதம், நன்றி. ஆனால் புகார் கொடுத்தவரே தான் பார்த்ததாகச் சொன்னது தவறு என்று எழுதிக் கொடுத்தால் மட்டுமே ஃபைலை மூட முடியும். கொடுத்தவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 28, சனி

சபரியிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. அப்புறம் கதவைச் சாத்தினார், கயல் காதில் விழக் கூடாது என்பதுபோல.

"பதினாலு வருஷம் சாரதா. அடுத்த வருஷமாவது கிரீன் கார்டு கைக்கு வந்துரும்னு லாயர் சொல்றான். இப்பப் போய் போலீஸ்ல பொய் சொன்னேன்னு எழுதிக் குடுப்பியா? இந்த ஊர்ல அது குத்தம்டி. உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"அந்தப் பையனோட வாழ்க்கை—"

"நம்ம வாழ்க்கை? கயல் மட்டும்தான் இங்க பொறந்தவ. நம்மளைத் தூக்கி பிளேன்ல போட்டான்னா?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் கஷ்டம். அவர் அநியாயமாகப் பேசியிருந்தால் நான் எதிர்த்துக்கொண்டாவது கிளம்பியிருப்பேன். நியாயம் சொன்னதால் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால், உட்கார ஒரு காரணம் கிடைத்ததில் எனக்கு நிம்மதி. நிம்மதிதான். பொய் எழுத மாட்டேன்.

அக்டோபர் 5, சனி

கொலு. அறுபத்தைந்து பேர். வெண்கல விளக்கு, எல்.இ.டி. மாலை, எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஜெயபிரகாஷின் மனைவி சாந்தாமணி வந்தாள். அவள் உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண்கள் மெல்ல நகர்ந்துகொண்டார்கள். அவள் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது செருப்புப் பக்கத்தில் நின்று சொன்னாள்: "படம் போட்டது தப்புதான்கா. ஒத்துக்கறோம். ஆனா போலீஸ இவரு கூப்பிடவே இல்ல. பையன் தலைல அடிச்சு சத்தியம் பண்றாரு. ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க நம்பறீங்கள்ல?"

"நம்பறேன்மா."

இந்த உலகத்திலேயே அதை உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். வெற்றிலை பாக்கு, தேங்காய், சீப்பு, கண்ணாடி வைத்த பையைக் கொடுத்து அனுப்பினேன். தேவி முன்னால் நின்று. ஒன்பது படியிலும் இருந்த அத்தனை பொம்மைகளும் பார்க்க.

அக்டோபர் 8, செவ்வாய்

செவ்வாய் விரதம். கோயில் பார்க்கிங்கில் காரை நிறுத்தி, வழக்கம்போல முருகா முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தவள் ரியர்வியூ கண்ணாடியில் என் உதட்டைப் பார்த்தேன்.

நான் முணுமுணுத்தால் பக்தி. அவன் முணுமுணுத்தால் இரண்டு போலீஸ் வண்டி.

உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டேன். என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது?

அக்டோபர் 10, வியாழன்

ஏஜென்சிக்கு எழுதினேன். கிழித்தேன். மரகதம்மா இன்றும் நடக்கவில்லையாம்.

அக்டோபர் 13, ஞாயிறு

கொலுவைக் கலைத்தேன். கயல் பொம்மைகளைக் காகிதத்தில் சுற்றித் தர உதவினாள். கடைசியில், பெட்டியை ஒட்டிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள். "ஆர் யூ கோயிங் டு டெல் தெம்? ஆர் ஆர் வீ ஜஸ்ட்... தட் ஃபேமிலி நவ்?"

நாம இனிமே அப்படிப்பட்ட குடும்பம்தானா.

அக்டோபர் 15, செவ்வாய்

போனேன். டோல்வேயில் பத்து மைல். இரண்டு எக்ஸிட்டைத் தவறவிட்டேன், வேண்டுமென்றே இல்லை என்று நம்புகிறேன்.

ஏஜென்சியில் மேஜைக்குப் பின்னால் ஒரு பெண். நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்தாள். "நான் சொன்னதில் ஒரு வாக்கியம் பொய். அவர் காரை விட்டு இறங்கவில்லை. எந்த ஜன்னலையும் பார்க்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும்." அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: தவறாகப் பார்த்துவிட்டேன் என்று எழுதினாலே போதுமே, ஏன் இப்படி எழுதியிருக்கிறீர்கள்?

அப்படி ஒரு வழி இருந்திருக்கிறது. சபரிக்குத் தெரிந்திருந்தால் கெஞ்சியிருப்பார். எனக்கும் ஒரு நொடி கை நீண்டது, காகிதத்தைத் திரும்ப வாங்க.

"தவறாகப் பார்க்கவில்லை" என்றேன். அவள் முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன். போலீஸ் நம்பருக்கும் கூப்பிட்டு அதையே சொல்லிவிட்டேன். குறித்துக்கொண்டார்கள். அடுத்து என்ன என்று அவர்கள் சொல்லவில்லை, எனக்குக் கேட்கவும் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சபரி மாடிக்குப் போய் மூன்று மணி நேரம் இறங்கவில்லை. அப்புறம் வந்து, "சாப்பிட்டியா?" என்றார். இல்லை என்றேன். அவரும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

எதிர்வீட்டில் சொன்னேன். அகிலன், பிரீத்தி, மரகதம்மா. சோபாவின் ஓரத்தில் கெலெச்சி. நின்றுகொண்டே சொன்னேன். தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. இரண்டாவது தடவை இன்னும் அசிங்கமாக இருந்தது.

அகிலன் வெளியே போய்விட்டான். பிரீத்தி, "அன்னிக்கு நான் உங்ககிட்டதானேக்கா அழுதேன்" என்றாள். அவ்வளவுதான்.

மரகதம்மா என் முகத்தையே பார்த்தார். "நீயா பண்ணுன கண்ணு? நான் உள்ளார இருந்து பாத்துட்டேதான் இருந்தேன். வாக்கரத் தள்ளிக்கிட்டு கதவுக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. கண்ணாடியத் தட்டுனேன், தட்டுனேன், ஒருத்தரும் திரும்பல. அந்தத் தம்பி மட்டும் திரும்பி, வேண்டாம்னு கையக் காட்டுச்சு. நான் விழுந்துருவேன்னு அதுக்குப் பயம்."

இது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

கெலெச்சி தன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருக்கும். "எங்கம்மா உயிரோட இல்லாததுக்கு முதல் தடவையா அன்னிக்குத்தான் நன்றி சொன்னேன். நான் அப்படி உட்கார்ந்திருந்ததை அவங்க பாக்கல" என்றான். அப்புறம், "மன்னிக்கணும். எனக்கு வேற வழி இல்ல, என் சாமி விடமாட்டார். ஆனா அதுக்கு எவ்வளவு நாள் ஆகும்னு என்கிட்டக் கேக்காதீங்க, மிஸஸ் சபரிநாதன்."

ஆன்டி போயிற்று.

வீட்டுக்கு வந்து வாட்ஸாப் குழுவிலும் போட்டேன். கூப்பிட்டது நான், பொய் சொன்னது நான், ஜெயபிரகாஷ் இல்லை. பேர் பேராகப் படித்ததாகக் காட்டியது. ஒருவரும் ஒரு எழுத்து எழுதவில்லை. ஐந்தாவது நிமிஷம் ஜெயபிரகாஷ் போன். "ஒரு மாசமா என்னை ஊருக்கே வில்லன் ஆக்கி வேடிக்கை பாத்தீங்களேம்மா! சாந்தாமணிக்குச் சுண்டல் வேற குடுத்து அனுப்பினீங்க!" என்று பிடிபிடியென்று பிடித்தார். கேட்டுக்கொண்டேன். அத்தனையும் உண்மை.

அட்மின் பொறுப்பை பிரீத்திக்கு மாற்றிவிட்டேன்.

நவம்பர் 2, சனி

நன்னடத்தைக் கடிதம் அக்டோபர் 30 அன்றே போய்விட்டதாம். இரண்டு நாள் மிச்சம் இருந்திருக்கிறது. அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். மரகதம்மா சமையலறை வரை நடந்துவிட்டார்.

லாயர் சபரியைத் திட்டித் தீர்த்துவிட்டார். கிரீன் கார்டு இன்டர்வியூவில் கேட்டால் மறைக்கக் கூடாது என்கிறார், என்ன ஆகும் என்று கேட்டால் தெரியாது என்கிறார். தெரியாது என்று சொல்வதற்கும் ஃபீஸ்.

தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அதிரசம் அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 17, செவ்வாய்

தெருவில் அவனைப் பார்த்தால் தலையசைக்கிறான். நான் அசைக்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

பிரீத்தி சொல்லி அனுப்பினாள்: அவனுக்கு நர்ஸிங் ஸ்கூலில் இடம் கிடைத்துவிட்டது. காரேஜில் போய் நின்று அழுதேன். சந்தோஷம்தான், ஆனால் அதில் பங்கு கேட்க வெட்கமாக இருந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

நல்லது ஒன்று நடந்தால் அவர்கள் சர்ச்சில் ஒரு ஞாயிறு அதற்கென்றே நன்றி சொல்வார்களாம். சொந்தக்காரர், சிநேகிதர் எல்லாரும் கூட வர, ஆடிப்பாடிக்கொண்டு முன்னால் போக வேண்டும். கெலெச்சி மரகதம்மாவை அழைத்திருந்தான். அகிலன் நியூ ஜெர்ஸியில், பிரீத்திக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் மரகதம்மாவே எனக்குப் போன் பண்ணினார். "வண்டி ஓட்டறியா கண்ணு? பேச வேண்டாம், ஓட்டுனாப் போதும்." கயலும் வந்தாள்.

நான் கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்தேன். என்ன நிறம், என்ன தலைப்பாகை, என்ன சத்தம்! கெலெச்சி ஆடிக்கொண்டே முன்னால் போக, மரகதம்மா பட்டுச் சேலையில், ஒரு பக்கம் கயல் பிடிக்க, கைத்தடி ஊன்றிக் கூடப் போனார். பாதி வழியில் கயலின் கையையும் தள்ளிவிட்டார். சர்ச்சே எழுந்து கைதட்டியது.

முடிந்ததும் ஹாலில் சாப்பாடு. சுவரோரமாக நின்ற என்னிடம் உயரமான பெண் ஒருத்தி வந்தாள், அவன் அக்கா. முகம் முழுக்கச் சிரிப்பு. "நீங்கள்தான் மம்மாவின் மகளா?" என்றாள், மரகதம்மாவைக் காட்டி. நான் வாயைத் திறக்கும் முன்பு கெலெச்சி வந்துவிட்டான். என்னைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

"இல்லக்கா. அன்னிக்கு என்மேல போலீஸைக் கூப்பிட்டவங்க."

குரலில் கோபம் இல்லை, மறைப்பும் இல்லை. பெயர் சொல்வதுபோலச் சொன்னான். அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் திரும்பினார்கள். கயல் என் பின்னால் வந்து நின்றது தெரிந்தது.

"ஆமாம், நான்தான்" என்றேன்.

அவள் கை குலுக்கவில்லை. திரும்பிப் போய், ஒரு தட்டில் சிவப்புச் சோறும் மீனும் போட்டுக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். கெலெச்சி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

உட்கார்ந்து சாப்பிட்டேன். பயங்கரக் காரம். தட்டில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.